அறுபத்து மூன்றைக் கேட்டவர்கள்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஜன்னல் ஓரம் ஒழுகுகிறது. சர்வருக்கு மேல் தார்ப்பாய் விரித்தாயிற்று.

புது நோட்டு. ஒப்பந்தம் முடியும்போது அறிக்கை கேட்பார்கள். அப்போது தலையைச் சொறியக் கூடாது.

இருப்பு: மீன்பிடி வள்ளங்களில் பொருத்திய மஞ்சள் பெட்டிகள் 112. அவை பேசுவதைக் கரையில் கேட்கும் கோபுரங்கள் 3 (தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு). எல்லாப் பதிவும் வந்து குவியும் சர்வர் 1. மீனவர் சங்கக் கட்டடத்து மாடியில் அறை 1. ஆள் 2. நான் பதிவுகளைச் சேர்த்துப் பிரிக்கிறேன். ஸ்டெல்லா அக்கா கரைக்குப் போய்ப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறார்.

இன்றைய தலைவலி: டிஸ்க் 94 சதவீதம் நிரம்பிவிட்டது.

பெட்டி மூன்று விதமான வரி எழுதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "இங்கே இருக்கிறேன்". மணிக்கு ஒருமுறை "பேட்டரி இவ்வளவு". மூன்றாவது, பக்கத்தில் போகும் இன்னொரு பெட்டியின் சிக்னல் கிடைத்தால் "இன்ன எண்ணைக் கேட்டேன்". இந்த மூன்றாவதுதான் பாழாய்ப் போனது. முப்பது வள்ளம் சேர்ந்து கிளம்பினால் எல்லாப் பெட்டியும் எல்லாப் பெட்டியையும் கேட்கும். பத்து வரியில் ஏழு இதுதான். யாரும் ஒருநாளும் படித்ததில்லை.

மாலையில் ஒரு விதி எழுதினேன். "கேட்டேன்" என்று வந்தால் வாசலிலேயே எறி. பழையதையும் அழித்தேன். டிஸ்க் 38.

ஸ்டெல்லா அக்கா பின்னால் நின்று பார்த்தார்.

"ஏளா செல்வி, இம்புட்டையும் தூரப் போட்டுட்டியா?"

"குப்பைக்கா அது."

"என்னமோ, ஒனக்குத்தான் தெரியும்."

டீ. பருப்பு வடை. நிம்மதி.

நவம்பர் 6, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

கடிகாரம் கெட்ட பெட்டிகள்: 14 (ஒன்பது நிமிடம் முந்தி), 22 (நான்கு நிமிடம் பிந்தி), 57, 70 (முக்கால் மணி நேரம் முந்தி, ஏன் என்று தெரியவில்லை). 41 மோசம். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டது. சுவிட்சைப் போட்டதும் அதற்கு 1970 ஜனவரி ஒன்றாம் தேதி பிறக்கிறது. தினமும். ஆள் பு.காயல்காரர். பெட்டியைக் கழற்றித் தர நேரமில்லை என்கிறார்.

அம்மா உடன்குடியிலிருந்து போன். வரன். "பையன் கம்ப்யூட்டர்தான் பாக்கான்." நானும் கம்ப்யூட்டர்தான் பார்க்கிறேன் என்றேன். அதனால் என்ன புண்ணியம் என்றார்.

63ஆம் பெட்டிக்காரர் கிளாட்வின் அண்ணன், ஸ்டெல்லா அக்காவின் கணவர், எனக்கும் சேர்த்து சீலா மீன் கொடுத்துவிட்டிருந்தார். இரண்டு துண்டு. குழம்பு வைக்கத் தெரியாமல் பொரித்துவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்தபோது நல்ல வெயில். பத்து மணிக்கு வடக்கே கறுத்தது. பத்தரைக்கு வாடைக் காற்று அடித்த அடியில் மாடிக் கதவு தானே சாத்திக்கொண்டது. அப்புறம் மழை. எதிர்க் கட்டடம் தெரியவில்லை.

இன்று கடலில் 38 வள்ளம். மதியம் முதல் ஒவ்வொன்றாகத் திரும்பின. மூன்று மணிக்கு 36. நாலே காலுக்கு 41, பு.காயலில் கரை ஏறியதாகத் தகவல். 63 வரவில்லை.

கிளாட்வின் அண்ணன். ஸ்டெல்லா அக்காவின் தம்பி வினோ. தொம்மை என்று ஒரு பெரியவர். மூன்று பேர். மூன்று போனும் அணைந்திருக்கின்றன.

63இன் கடைசி வரி: 10.40. தூத்துக்குடிக்குத் தென்கிழக்கே. பேட்டரி 88. அதற்குப் பின் ஒன்றுமில்லை.

சங்கச் செயலாளர் ரோச் அண்ணன் படியேறி வந்தார். ஸ்டெல்லா அக்கா வராந்தாவில் போன் பேசிக்கொண்டிருந்ததால் குரலைத் தாழ்த்தினார்.

"பொட்டி என்ன சொல்லுது?"

"பத்து நாப்பதுக்கு மேல பேச்சே இல்லண்ணே."

"முங்கிட்டுன்னு அர்த்தமா?"

"தெரியல. ஏரியல் ஒடஞ்சாலும் இப்படித்தான் இருக்கும்."

கடலோரக் காவலுக்கு அந்த 10.40 இடத்தைக் கொடுத்தோம். படகு போய்ச் சுற்றிவிட்டு வந்தது. ஒன்றும் தென்படவில்லை. நாளை காலை மறுபடி அங்கேயே.

ஸ்டெல்லா அக்கா அழவில்லை. உட்காரவும் இல்லை. திரைக்கு முன்னால் நின்று அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். நாத்தனார் வந்து கூட்டிப் போனார்.

அவர்கள் படியிறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏரியல் உடைந்தால் பெட்டி ஊமையாகாது. குரல் கம்மிவிடும், அவ்வளவுதான். கரைக்கு எட்டாது. ஆனால் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் போகும் வள்ளத்தின் பெட்டிக்குக் கேட்கும். கேட்டால் எழுதும். "63 கேட்டேன்."

தேடினேன். பூஜ்யம். இருக்காதுதான். வாசலிலேயே எறியச் சொன்னது நான்.

விதியை எடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். 

நவம்பர் 12, புதன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். 

5.30. பெட்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் புரட்டினேன். பதினேழாம் பக்கம். எழுதும் ஒவ்வொரு வரியையும் பெட்டி தன்னிடமே மூன்று நாள் வைத்திருக்கும். அதாவது நான் எறிந்தது கரைக்கு வந்த நகலை மட்டும். அசல் வள்ளங்களில் இருக்கிறது. பல் தேய்க்காமல் கிளம்பினேன்.

6.00. ஸ்டெல்லா அக்கா வீடு. உள்ளே பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரை வெளியே கூப்பிட்டேன். வழி முழுதும் ஒத்திகை பார்த்த பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிட்டது.

"அக்கா, போன வாரம் நான் ஒரு விதி போட்டேம்லா. நேத்து அண்ணனக் கேட்டதா ஏதாவது பொட்டி சொல்லியிருந்தா, அதையும் அந்த விதி எறிஞ்சிட்டு. என் தப்புதான்."

செபமாலையைக் கையில் சுருட்டிக்கொண்டார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"இப்ப அந்தப் பொட்டிகளுக்குள்ள இருக்கா, இல்லியா?"

"இருக்கு."

"அப்ப எதுக்கு அழுத? போன் சார்ஜ் இருக்கா பாரு. நீ ஒரு பக்கம், நா ஒரு பக்கம்."

முகத்தைக் கழுவி, தலையை முடிந்துகொண்டு வந்துவிட்டார். உள்ளே செபம் நிற்கவில்லை.

6.45. தூத்துக்குடி திரேஸ்புரம் கரை. போனைப் பெட்டி பக்கத்தில் வைத்து, இணைத்து, மூன்று நாள் பதிவை இறக்க மூன்று நான்கு நிமிடம். 36 பெட்டி. விஷயம் தெரிந்ததும் ஆட்கள் பெட்டியைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஏலக்கூடத்துத் தரையில் வரிசையாக வைத்தோம். "ஏலே, எண்ணப் பாத்து வைலே, மாத்தி வைக்காத," என்று ரோச் அண்ணன் சத்தம்.

9.20. முப்பத்தாறும் முடிந்தது. மடிக்கணினியில் சேர்த்தேன். நாற்பதாயிரத்துச் சொச்சம் வரி. 63 என்று வருவதை மட்டும் பிரித்தேன். 10.40க்குப் பின்னால் இருப்பதை மட்டும் எடுத்தேன். ஏராளமாக வந்தது. ஸ்டெல்லா அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

"பொறுங்கக்கா. இதுல முக்காவாசி கடிகாரம் பொய் சொல்லுது."

14உம் 57உம் 70உம் காலையில் கேட்டதையெல்லாம் பிந்தின மணியில் எழுதியிருந்தன. பத்து மணிக்குக் கேட்டதை 70 பத்தே முக்கால் என்கிறது. எந்தப் பெட்டி எவ்வளவு பிசகு என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. பெட்டி எதைச் சொன்னாலும் கரைக் கோபுரம் தன் மணியைக் குறித்துக்கொள்ளும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் அந்த வித்தியாசத்தைக் கூட்டி, கழித்து, மறுபடி அடுக்கினேன்.

வரிகள் உதிர்ந்துகொண்டே வந்தன. ஸ்டெல்லா அக்காவின் கை தளர்ந்தது. கடைசியில் நின்றது ஏழே வரி. மூன்று பெட்டிகள்.

22 — 11.25
9 — 12.10
70 — 1.35

ஒவ்வொன்றும் கேட்ட இடம், முந்தியதற்குத் தெற்கே.

"மூழ்கின பொட்டி பேசுமா?" என்று ரோச் அண்ணன் கேட்டார்.

"பேசாதுண்ணே."

"அப்ப ஒண்ணு முப்பத்தஞ்சுக்கு வள்ளம் மெதந்திருக்கு," என்றார் ஸ்டெல்லா அக்கா. யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டார்.

கடலோரக் காவல் படகு அந்நேரம் பழைய இடத்தில், வடக்கே, தேடிக்கொண்டிருந்தது.

இன்னும் ஒரு பெட்டி பாக்கி. 41. கடைசியாகக் கரை ஏறியது. 1970.

9.45. ஸ்டெல்லா அக்காவின் ஸ்கூட்டர். அவர்தான் ஓட்டினார். நான் மடிக்கணினியைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு பின்னால். உப்பளம் எல்லாம் வெள்ளம். ஒரே ஒரு தடவை, ஆத்தூர் தாண்டி, "ஏளா, பின்னால இருக்கியா?" என்று கேட்டார்.

10.50. பு.காயல். 41காரர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். பெட்டியைக் கொடுத்தார். இறக்கினேன். எல்லா வரியும் 1970 ஜனவரி ஒன்று. ஸ்டெல்லா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு முகம் வாடிப்போனார்.

"இது என்ன, நா பொறக்காத காலத்தக் காட்டுது?"

"தேதிதான் பொய்க்கா. நிமிசக் கணக்கு பொய்யில்ல. சுவிட்சு போட்டதுலேர்ந்து சரியா எண்ணும்."

சுவிட்சை எப்போது போட்டார்? விடியுமுன் என்கிறார். அது போதாது. போன் வழியாக அலுவலக சர்வரைத் தொட்டுப் பார்த்தேன். 41இன் முதல் பேச்சை பு.காயல் கோபுரம் கேட்டது, செவ்வாய் காலை 4.12. அதுதான் இந்தப் பெட்டியின் 1970. அங்கிருந்து எண்ணினால்—

63 கேட்டேன். பதினோரு மணி இருபத்தாறு நிமிடம் கழித்து. மாலை 3.38. நான்கு வரி. இதுவரை வந்ததிலேயே பலமான சிக்னல். பு.காயலுக்கு நேர் கிழக்கே.

41காரரிடம் சொன்னேன். அவர் வலையைக் கீழே போட்டுவிட்டார்.

"அவ்வளவு கிட்டயா கெடந்தான்? மழையில கையக் கூடத் தெரியலம்மா. நா நேராப் பாத்துட்டு வந்தேனே. ஒரு சத்தம்கூடக் கேக்கலயே."

ஸ்டெல்லா அக்கா அவர் பக்கத்தில் போய், "நீங்க கேக்கலன்னா என்னண்ணே, ஒங்க பொட்டி கேட்டிருக்கு," என்றார். அவர்தான் ஆறுதல் சொல்கிறார்.

11.30. நான்கு புள்ளியையும் வரைபடத்தில் வைத்துக் கோடு இழுத்தேன். வேகத்தைக் கணக்குப் போட்டு, இன்று மதியம் வள்ளம் எங்கே இருக்கும் என்று ஒரு புள்ளி குத்தினேன். மணப்பாட்டுக்குக் கிழக்கே, வெகு தூரத்தில். படத்தை ரோச் அண்ணனுக்கு அனுப்பிப் பேசினேன்.

"கோடு அப்படி நேராப் போவாது மக்கா," என்றார். "நேத்து பொழுதடைஞ்ச பொறவு காத்து கொண்டலுக்குத் திரும்பிட்டு. கெழக்கேர்ந்து அடிச்சா கரைக்குத்தான சாய்க்கும்? நீ குத்துன எடத்துலேர்ந்து மேக்க வா. இன்னும். இன்னும் கொஞ்சம். அங்கன நிறுத்து."

புள்ளியை நகர்த்தினேன். மணப்பாட்டுக்காரர்களை அவரே கூப்பிட்டார். கடலோரக் காவலுக்கும் புது இடம் போனது.

1.00. மணப்பாட்டிலிருந்து நான்கு வள்ளம் இறங்கியது. நான்கிலும் நம் பெட்டி. நாங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தோம்.

2.20. அலுவலகம். ஸ்டெல்லா அக்கா நிற்கிறார். ரோச் அண்ணன் நிற்கிறார். நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் "இங்கே இருக்கிறேன்", "இங்கே இருக்கிறேன்". 101, 104, 106, 109. ஒன்றையொன்று கேட்டுக்கொள்கின்றன. 101: 104 கேட்டேன். 109: 106 கேட்டேன். குப்பை என்று நான் சொன்ன வரிகள். கண் எடுக்காமல் படித்தோம்.

3.24. 104: 63 கேட்டேன்.

மிக மெலிவான சிக்னல். நான் வாய் திறக்குமுன் ஸ்டெல்லா அக்கா, "அறுவத்து மூணு, அறுவத்து மூணு," என்று கத்திவிட்டார். ரோச் அண்ணன் போனில், "ஏலே, 104 நிக்க எடத்துக்கு எல்லாரும் போங்கலே!"

3.31. 104: 63 கேட்டேன். கொஞ்சம் பலம்.

3.36. 101: 63 கேட்டேன்.

3.40. இரண்டும். நல்ல பலம்.

அதன் பிறகு யாரும் திரையைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்தோம். 4.05க்கு அடித்தது. ரோச் அண்ணன் கேட்டார். "ம்" என்றார். மறுபடி "ம்". எனக்கு அவரை உலுக்கவேண்டும் போல இருந்தது.

"மூணு பேரும்," என்றார். "மூணு பேரும் இருக்காவ."

ஸ்டெல்லா அக்கா மாடிப் படியில் போய் உட்கார்ந்தார். வண்டி ஓட்டியதைத் தவிர, நேற்று மாலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறார். பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் மூக்கைச் சிந்தினோம்.

வள்ளம் கிடந்த இடம் என் முதல் புள்ளிக்கும் ரோச் அண்ணன் புள்ளிக்கும் நடுவில். அவர் பக்கமாக.

நவம்பர் 13, வியாழன்

மேகம். மழை இல்லை.

ஆஸ்பத்திரி. தொம்மைப் பெரியவருக்கு இடது கை முறிவு. மற்ற இருவருக்கும் உதடு, கண் எல்லாம் உப்பு அரித்த புண். குளுக்கோஸ் ஏறுகிறது. நடந்தது இதுதான்: முதல் காற்றிலேயே கம்பம் முறிந்து அவர் கைமேல் விழுந்தது. கம்பத்தோடு ஏரியல் போயிற்று. எஞ்சினுக்குள் தண்ணீர். வினோ பெட்டியைத் தார்ப்பாயில் சுற்றிப் பலகைக்கடியில் சொருகி வைத்திருக்கிறான். ஏன் என்று கேட்டேன். "கெட்டுப்போனா அக்கா வையும்," என்றான்.

ரோச் அண்ணனிடம் விதியைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து.

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"பொறவு எதுக்குச் சொல்லுத?"

செருப்பு நுனியால் தரையைக் கீறிக்கொண்டு நின்றேன்.

"சரி. இனிமே ஒண்ண எறியதுக்கு முந்தி, கடலுக்குப் போறவன்ட்ட ஒரு வார்த்த கேளு. அவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனா எது வேணும்னு தெரியும்."

அவ்வளவுதான் சொன்னார். எலுமிச்சை ஜூஸ் வாங்கித் தந்தார்.

நவம்பர் 15, சனி

செய்தவை:
— "கேட்டேன்" வரிகள் முப்பது நாள் இருக்கும். பிறகு வேறு டிஸ்க்குக்கு. அழிப்பது இல்லை.
— ஒரு பெட்டி கரையோடு பேசாமல், பக்கத்துப் பெட்டிக்கு மட்டும் கேட்டால் உடனே மணி அடிக்கும். இரண்டு நாள் வேலை. முன்பே செய்திருக்கலாம். எழுதிப் பார்த்தபோது வெறும் அறுபது வரி.
— கடிகாரம் தினமும் தானாகச் சரிபார்ப்பு.

செய்யாதவை: சாப்பாடு. பேருந்துப் பாஸ். அம்மாவுக்குத் திரும்பப் பேசுவது.

மணப்பாட்டிலிருந்து ஒரே நாளில் பத்தொன்பது பேர் பெட்டி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதுவரை அங்கே ஆளைப் பிடித்துக் கெஞ்சித்தான் மாட்டினோம். 41காரர் தானே பஸ் ஏறி வந்து பெட்டியைக் கொடுத்து, "இதுக்கு நல்ல கடியாரமா போடும்மா," என்றார். போட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

நல்ல வெயில். கடல் தட்டையாக, ஒன்றுமே நடக்காதது மாதிரி.

பதினொரு மணிக்கு கிளாட்வின் அண்ணன் வந்தார். மெலிந்திருக்கிறார். படியேறி மூச்சு வாங்கினார். ஸ்டெல்லா அக்கா நாற்காலி போட்டு, விசிறி திருப்பி, ஒரே அதட்டல். "சொன்னாக் கேக்காவளா? வீட்டுல கெடங்கன்னா வந்து நிக்காவ."

"பொட்டியில என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும்," என்றார் என்னிடம்.

காட்டினேன். அச்சடித்தும் கொடுத்தேன். திருத்திய மணி, கேட்ட பெட்டி, பெட்டிக்காரர் பெயர். விரலை வைத்துப் படித்தார்.

"பதினொண்ணு இருவத்தஞ்சு. இது யாரு, இருவத்தி ரெண்டு? லூர்து வள்ளமா?" அடுத்த வரி. "பன்னெண்டு பத்து..." விரல் நின்றுவிட்டது.

 பிறகு சொன்னார்.

"அந்நேரம்தான் தொம்மையா என்னயப் பாத்து, ஒருத்தனும் இல்லலே, நாம மட்டுந்தான்னாவ. நானும் ஆமான்னுட்டேன். வினோவுக்குத் தெரியக் கூடாதுன்னு திரும்பி ஒக்காந்துக்கிட்டு அழுதேன்." தாளைத் திருப்பி எனக்குக் காட்டினார். "இவ்வளவு பேரு இருந்திருக்காவ."

ஸ்டெல்லா அக்கா விசிறியைச் சரிசெய்வது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஆறு பேர் வீட்டுக்கும் போகவேண்டுமாம். மூன்று பேர் இங்கே, ஒருவர் பு.காயல், இரண்டு பேர் மணப்பாடு.

"நடக்கவே முடியல, மணப்பாடு போறாவளாம்," என்றார் ஸ்டெல்லா அக்கா.

"நீ வண்டி ஓட்டு," என்றார் அவர்.

ஸ்டெல்லா அக்கா இன்று அரை நாள் விடுப்பு. குறித்துக்கொண்டேன்.